வாய்விட்டுச் சொல்ல இயலாதவரின் வலி

(பரங்கிமலை ஊராட்சி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நாம் கூடும்போதெல்லாம் ஏரி மதகு, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, வீட்டு வரி என்று பேசிக் கலைவது வழக்கம். அவை யாவும் வேண்டியவையே. ஆயினும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறை நம் கிராமங்களில் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. திண்ணைக்கு அப்பால், உள் அறையில், ஒரு கட்டிலில் அது படுத்திருக்கிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்த பெரியவர், நினைவு மங்கிய பாட்டி, வளர்ச்சி குன்றிய குழந்தை, மனம் கலங்கி மூலையில் உட்கார்ந்துவிட்ட இளைஞன் ஆகிய இவர்களே அந்தக் குறையைச் சுமப்பவர்கள். எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது, மனத்தில் என்ன ஓடுகிறது என்று எடுத்துச் சொல்ல இவர்களால் இயலாது. இவர்களுடைய வலியையும் மனநிலையையும் செவிலியர்கள் எவ்வாறு கண்டறிகிறார்கள் என்பதையும், அதில் நமக்குள்ள பங்கு யாது என்பதையும் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

இவ்விஷயம் நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. தாம்பரத்தில் 1928-ஆம் ஆண்டு டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்கென ஒரு சானடோரியத்தை நிறுவினார். 1937-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அதன் பெயரே இன்றும் நம் ரயில் நிலையம் ஒன்றின் பெயராக விளங்குகிறது. அக்காலத்தில் காசநோய் என்றால் வீட்டையும் ஊரையும் விட்டு மாதக்கணக்கில் அங்கே படுத்திருக்க வேண்டும். பின்னர் 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம், ஏழை நோயாளி தன் சொந்த வீட்டிலேயே இருந்து மருந்து உட்கொண்டாலும் சானடோரியத்துக்கு நிகராகக் குணமடைகிறார் என்று நிரூபித்தது. 1959-இல் வெளியான அம்முடிவு உலகெங்கும் காசநோய் வைத்தியத்தின் போக்கையே மாற்றியது. அந்த ஆராய்ச்சி வெற்றி பெற்றதற்கு ஒரு முக்கியக் காரணம், சுகாதார ஊழியர்கள் சந்து பொந்துகளிலெல்லாம் நுழைந்து, நோயாளியின் வீட்டு வாசலில் நின்று, அவர் மருந்தை உண்டாரா என்று பார்த்து வந்ததே ஆகும்.

வீடு தேடிச் செல்லும் அந்த மரபின் தொடர்ச்சியாகவே 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரை தருவதோடு, படுக்கையில் இருப்போருக்கு வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே அளிப்பதும் அத்திட்டத்தில் அடங்கும். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மருத்துவமனையில் செவிலியர் இரவும் பகலும் நோயாளியின் அருகில் இருக்கிறார். வீட்டுக்கு வரும் செவிலியரோ சிறிது நேரமே இருக்க முடியும். மற்ற நேரமெல்லாம் அவருக்குக் கண்ணும் காதுமாக இருக்க வேண்டியவர்கள் வீட்டாரும் அக்கம்பக்கத்தாருமே. ஆகவே அவர் எதைப் பார்க்கிறார், ஏன் பார்க்கிறார் என்பதை நாமும் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

வலிக்கு ஏது தராசு?

காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் கருவி உண்டு. வலியை அளக்க மட்டும் கருவி இல்லை. வலியை அறிந்தவர் அதை அனுபவிப்பவர் ஒருவரே. அமெரிக்க நாட்டுச் செவிலியர் மார்கோ மெக்காஃப்ரி 1968-இல் ஒரு விதியை வகுத்தார். நோயாளி எதை வலி என்று சொல்கிறாரோ அதுவே வலி. அவர் இருக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் அது இருக்கிறது என்பது அதன் கருத்து. 'இவ்வளவு சிறிய புண்ணுக்கு இத்தனை கூச்சலா?' என்று கேட்பது செவிலியரின் வேலையன்று என்பதே அதன் சாரம்.

பேசக்கூடியவரிடம் செவிலியர் முறையாகச் சில கேள்விகள் கேட்பார். எங்கே வலிக்கிறது? விரலால் தொட்டுக் காட்ட முடியுமா? எப்போது தொடங்கியது? ஒரே இடத்தில் நிற்கிறதா, வேறெங்காவது ஓடுகிறதா? எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது? இரவில் தூங்க விடுகிறதா? இறுதியில், வலியே இல்லை என்பதற்கு 0, இதற்குமேல் வலி இருக்க முடியாது என்பதற்கு 10 என்று வைத்துக்கொண்டு, இப்போது எத்தனை என்று கேட்பார். எண்ணில் பழக்கமில்லாத பாட்டிக்குப் பத்து ரூபாயில் எத்தனை ரூபாய் வலி என்று கேட்டால் எளிதில் விளங்கும். சிறுவர்களுக்குச் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை ஆறு முகங்கள் வரைந்த அட்டையைக் காட்டி, உன் முகம் எது என்று கேட்பார். 1980-களில் அமெரிக்காவில் டோனா வாங், கோனி பேக்கர் என்ற இரு பெண்மணிகள் இதனை உருவாக்கினர்.

வலியின் அளவைப் போலவே அதன் வகையும் முக்கியமானது. இவ்வகையில் நம் தமிழ்மொழி செவிலியருக்குப் பேருதவி புரிகிறது. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், இசிவு, பிசைவு, உளைச்சல், விண்விண்ணென்று தெறித்தல் என்று எத்தனை சொற்கள்! ஒவ்வொன்றும் ஒரு துப்பு. சர்க்கரை நோயாளி ஒருவர் பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் என்றால் நரம்பு பழுதடைந்திருக்கலாம் என்று செவிலியர் ஊகிப்பார். நெஞ்சின்மீது பாரம் வைத்து அழுத்துவதுபோல் இருக்கிறது, இடது கைக்கு ஓடுகிறது, வியர்க்கிறது என்றால், மேற்கொண்டு கேள்வி கேட்டு நேரத்தைப் போக்காமல் 108-ஐ அழைப்பார். ஆதலால் நோயாளி சொன்ன சொல்லை மாற்றாமல் அப்படியே செவிலியரிடம் சொல்லுங்கள். 'வலி என்கிறார்' என்று சுருக்கிவிட்டால் துப்பு போய்விடும்.

இந்த எண் ஒருவரை மற்றவரோடு ஒப்பிடுவதற்கு உதவாது. நேற்று 8 என்ற அதே மனிதர் மருந்துக்குப்பின் இன்று 4 என்கிறாரா என்று பார்ப்பதற்கே அது பயன்படும். அதனால்தான் மாத்திரை கொடுத்தபின் சுமார் ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 1990-களில் நாடித்துடிப்பு, மூச்சு, காய்ச்சல், இரத்த அழுத்தம் என்ற நான்கோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகக் குறித்துவைக்கும் வழக்கம் பரவியது. எண்ணைக் குறைப்பதே நோக்கமாகக் கடுமையான மருந்துகள் தாராளமாகத் தரப்பட்டுப் பெருந்தீங்கு விளைந்ததில் அவ்வழக்கத்துக்கும் பங்குண்டு என்ற எண்ணம் வலுப்பட்டது. 2016-இல் அந்நாட்டு மருத்துவச் சங்கமே அதைக் கைவிடச் சொல்லிற்று. எண்ணைக் கேட்பதோடு நில்லாமல், உண்ண முடிகிறதா, உறங்க முடிகிறதா, எழுந்து நடக்க முடிகிறதா என்று கேட்பதே முழுமையான பரிசோதனையாகும்.

வாயிருந்தும் சொல்லாதவர்களும் உண்டு. அறுவடை முடியட்டும் என்று பல்லைக் கடிக்கும் விவசாயி, பிள்ளைக்குப் பாரமாகிவிடுவோம் என்று அஞ்சும் முதியவர், மாமியார் எதிரில் மாதவிடாய் வலியைச் சொல்லக் கூசும் மருமகள் ஆகிய மூவரையும் நாம் அறிவோம். இவர்களிடம் கூட்டத்தின் நடுவே கேட்டால் 'ஒன்றுமில்லை' என்ற விடையே வரும். செவிலியர் வீட்டுக்கு வந்தால் அவரும் நோயாளியும் தனியே பேசப் பத்து நிமிடம் இடம் விட்டு விலகி நில்லுங்கள். செலவில்லாத இவ்வுதவி பல நோய்களை வெளிக்கொண்டு வரும்.

மாட்டைப் பார்க்கத் தெரிந்தவர் மனிதரைப் பார்க்க இயலாதா?

பேச இயலாதவர் விஷயத்துக்கு வருவோம். இங்கே விவசாயிகளுக்குத் தனித் தகுதி உண்டு. மாடு வாய் திறந்து சொல்வதில்லை. ஆனால் அது அசை போடவில்லை, மூக்கு உலர்ந்திருக்கிறது, காது தொங்குகிறது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் காலால் உதைத்துக்கொள்கிறது என்றால், தொழுவத்தில் நுழைந்ததுமே அதற்கு வலி என்று கண்டுகொள்கிறீர்கள். இதற்கு எந்தப் பள்ளியிலும் நீங்கள் படித்ததில்லை. அம்மாட்டின் வழக்கமான நடத்தை உங்களுக்குத் தெரியும்; இன்று அது மாறியிருப்பதும் தெரிகிறது. பேசாத நோயாளியிடம் செவிலியர் செய்வதும் இதுவே. வழக்கம் எது, மாற்றம் எது என்று பார்ப்பதே அக்கலையின் அடிப்படை.

கைக்குழந்தைகளின் கதை நமக்கு ஒரு பாடம். பிறந்த குழந்தைக்கு வலி தெரியாது என்றே மேல்நாட்டு மருத்துவர் பலர் நெடுங்காலம் நம்பினர். அதனால் போதிய மயக்க மருந்து இன்றியே சிசுக்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தனர். இந்தியாவில் பிறந்த டாக்டர் கே. ஜே. எஸ். ஆனந்த் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் ஆராய்ந்து 1987-இல் வெளியிட்ட முடிவுகள் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. போதிய மருந்து பெற்ற சிசுக்களின் உடல் அதிர்ச்சி வெகுவாகக் குறைந்ததை அவர் காட்டினார். சொல்ல இயலாமை வேறு, வலி இல்லாமை வேறு என்பது அன்று உறுதியாயிற்று. சர்வதேச வலி ஆராய்ச்சிச் சங்கமும் 2020-இல் வலிக்குத் திருத்திய இலக்கணம் வகுத்தபோது இதனை வலியுறுத்தியது.

சிறு குழந்தைகளுக்கு 1997-இல் ஓர் அளவுமுறை வகுக்கப்பட்டது. முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண், மொத்தம் 10. நினைவு மங்கிய முதியோருக்கு 2003-இல் இதேபோன்ற முறை வந்தது. அதில் பார்க்க வேண்டிய ஐந்தாவன: மூச்சு இரைக்கிறதா, முனகுகிறாரா அல்லது கத்துகிறாரா, முகம் சுளிக்கிறதா, உடலை இறுக்கிக்கொள்கிறாரா அல்லது கையை மடக்கிக்கொள்கிறாரா, தடவிக்கொடுத்துப் பேசினால் அமைதியடைகிறாரா. இவற்றைப் படுத்திருக்கும்போது ஒரு முறையும், புரட்டிப் போடும்போதோ குளிப்பாட்டும்போதோ ஒரு முறையும் பார்த்தல் வேண்டும். அசையாதிருக்கையில் ஒளிந்திருக்கும் வலி அசைக்கும்போது வெளிப்படும்.

எங்கள் வட்டாரத்தில் கண்ட ஒன்றைக் கூறுகிறோம். பக்கவாதத்தால் ஒருபுறம் செயலிழந்து பேச்சும் போன ஒரு பெரியவர், குளிப்பாட்ட வரும் மருமகளை நல்ல கையால் அடித்துத் தள்ளிவந்தார். சோற்றையும் ஒதுக்கினார். 'மூப்பு ஏறப் பிடிவாதமும் ஏறுகிறது' என்று வீட்டார் மனம் நொந்தனர். அங்கே சென்ற செவிலியர் அவரை ஒன்றும் கேட்கவில்லை. எழுப்பி உட்கார வைக்கச் சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிய அக்கணம் பெரியவரின் நெற்றி சுருங்கிற்று, பல் கடிபட்டது. பக்கவாதம் கண்ட தோளில் தசை தளர்ந்து வலி உண்டாவது சாதாரணம். கையைப் பற்றி இழுக்காமல் முதுகுக்குப்பின் கைகொடுத்து எழுப்பவும், படுக்கையில் அக்கைக்குக் கீழே தலையணை வைக்கவும் செவிலியர் சொல்லிக்கொடுத்தார். மருத்துவரிடம் கூறி வலிக்கு மருந்தும் பெற்றுத்தந்தார். சில நாட்களில் அடிப்பது நின்றது, சோறும் இறங்கியது. மாதக்கணக்கில் அவர் அடித்துச் சொன்னதை யாரும் மொழிபெயர்க்கவில்லை, அவ்வளவே.

ஆகையால் கோபம், முரண்டு, சோறு மறுத்தல், தூக்கமின்மை, திடீர் அமைதி இவற்றைக் குணக்கேடு என்று முடிவு கட்டுமுன், வலியாக இருக்குமோ என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். பல் சொத்தை, படுக்கைப்புண், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு ஆகியவை அடிக்கடி காணப்படும் காரணங்கள்.

நம் பகுதியில் இன்னொரு வகையினரும் உள்ளனர். கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் தங்கியிருப்போர் அவர்கள். அவர்களுக்கு வாய் உண்டு. நம் மொழி இல்லை. முக அட்டையும், உடலின் படத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்வதும் அவர்களுக்கு உதவும். மொழிபெயர்க்க ஆள் தேவையெனில் பெரியவர் ஒருவரை அழையுங்கள். அவர்களுடைய சிறு குழந்தையை அப்பணியில் அமர்த்துதல் தகாது.

மனத்தின் நாடி

உளைச்சல் என்ற சொல்லைச் சற்று முன்பு கூறினோம். கால் உளைச்சல் என்கிறோம், மன உளைச்சல் என்றும் கூறுகிறோம். உடல் வேறு மனம் வேறு என்று நம் மொழி பிரித்துப் பார்க்கவில்லை. துயரத்தில் இருப்பவர் 'துயரம்' என்று சொல்வது அரிது. தலை பாரம், நெஞ்சு படபடப்பு, கைகால் அசதி என்றே சொல்வார். இலண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் செவிலியராக இருந்து பின்னர் மருத்துவரானவர். உடல் நோவு, மனத் துயரம், குடும்பக் கவலை, ஆன்மிகக் கலக்கம் ஆகிய நான்கும் சேர்ந்ததே முழு வலி என்று அவர் விளக்கினார். கடன் தீராத விவசாயியின் முதுகுவலி மாத்திரைக்கு மட்டும் அடங்காததன் காரணம் இதுவே.

மனநிலையைப் பார்க்கும் செவிலியர் முதலில் கேட்பதில்லை, கவனிக்கிறார். உடை, தலைமுடி, நகம் எப்படி? கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா? பேச்சு வேகமா, மெதுவா, தொடர்பற்றதா? பிறருக்குக் கேளாத குரலுக்குப் பதில் சொல்கிறாரா? பிறகே காலமும் இடமும் ஆளும் தெரிகிறதா என்று கேட்பார். இக்கேள்விகள் ஊருக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். பள்ளி செல்லாத மூதாட்டியிடம் இங்கிலீஷ் தேதியையும் கழித்தல் கணக்கையும் கேட்டு, தெரியவில்லை என்றதும் நினைவு கெட்டுவிட்டது என்று எழுதுவது அநீதி. இதனை உணர்ந்தே ஹரியானா மாநிலம் பல்லப்கட் கிராமங்களில் ஆராய்ந்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதோருக்கு உகந்த கேள்விகளைத் தொகுத்து 1995-இல் வெளியிட்டனர். நம் பாட்டியிடம் இது என்ன மாதம், ஆடியா ஆவணியா, அடுத்து வரும் பண்டிகை எது, ஊர் ஏரியின் பெயர் என்ன என்று கேட்கலாம். கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் கவனம் நிலைத்திருக்கிறதா என்பது புலப்படும்.

இங்கே ஒரு வேற்றுமையை யாவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நினைவு மங்கும் முதுமை நோய் மாதங்கள், வருஷங்களில் மெல்ல வருவது. நேற்று நன்றாக இருந்தவர் இன்று மாலை மகனை அடையாளம் தெரியாமல் விழித்தால், சுவரில் பூச்சி ஊர்கிறது என்றால், சற்று நேரம் தெளிந்து மீண்டும் குழம்பினால், அது முதுமை அன்று. அது திடீர்க் குழப்பம். உடலில் எங்கோ ஓர் ஆபத்து என்பதற்கு அடையாளம். காய்ச்சல், நுரையீரல் சளி, சிறுநீர்க் கிருமி, நீர் வற்றுதல், உப்புக் குறைவு, சர்க்கரை இறங்குதல், ஒத்துக்கொள்ளாத மருந்து, வெயிலில் வேலை செய்ததால் உண்டான வெப்பத் தாக்கு, தெளித்த பூச்சிமருந்தின் நஞ்சு ஆகிய எதுவும் காரணமாகலாம். கத்துபவரை உடனே கவனிக்கிறோம். ஒன்றும் பேசாமல் நாள் முழுதும் சுருண்டு தூங்குபவரை 'சாதுவாக இருக்கிறார்' என்று விட்டுவிடுகிறோம். பின்னவருக்கும் அதே ஆபத்து உண்டு. விபூதி இடுவோர் இடலாம். ஆனால் அன்றைய தினமே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். அத்தகைய வேளையில் முதியோரைப் படகில் ஏற்றி முகாமில் சேர்ப்பதோடு கடமை முடிவதில்லை. பழகாத இடம், தவறிப்போன மாத்திரை, மூக்குக் கண்ணாடி இல்லாமை, தூக்கமின்மை யாவும் குழப்பத்துக்கு ஏதுவாகும். முகாமில் ஒரு கடிகாரமும் காலண்டரும் மாட்டிவைத்தல், இரவில் சிறு விளக்கு எரியவிடுதல், தெரிந்த முகம் ஒன்றை அருகில் இருத்துதல் இவை சிறிய காரியங்கள். ஆனால் பயன் பெரிது.

மனச்சோர்வைக் கண்டறியச் செவிலியர்கள் முதலில் கேட்பவை இரண்டே கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில், எதிலும் விருப்பமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்து இருந்ததா? பெரும்பாலான நாட்களில் ஆம் என்றால் மேலும் ஏழு கேள்விகள் உண்டு. அவற்றுள் ஒன்று, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே புகுத்தியதாகுமே என்று பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பரிவோடு கேட்பது சுமையை இறக்கிவைக்க வழி செய்யும். கட்டணமில்லா 14416 என்ற தொலைபேசி எண்ணில் 2022 அக்டோபர் முதல் மனநல ஆலோசனை பெற வசதி செய்யப்பட்டுள்ளது. இதனைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதிவையுங்கள்.

இது விவசாயக் குடும்பங்களை நேராகத் தொடும் விஷயம். கட்டிலுக்கு அடியில் பூச்சிமருந்துப் புட்டி இருக்கும் வீட்டில், ஒரு கணத்துக் கோபமோ சோகமோ ஓர் உயிரைப் பறித்துவிடும். சென்னையைச் சேர்ந்த 'சிநேகா' என்னும் தற்கொலைத் தடுப்பு நிறுவனத்தார் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் ஒரு சோதனை நடத்தினர். ஊருக்குப் பொதுவான ஓர் அறையில் ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டுள்ள பெட்டி தந்து, பூச்சிமருந்தை அங்கேயே வைத்து வேண்டும்போது எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்தனர். கிராமத்தார் அதை மனமுவந்து ஏற்றனர். தெளிப்பவனுக்குச் சிறிது நடை கூடுதல். ஆனால் அந்த நடைக்குள் ஒரு மனம் மாறலாம்.

மனம் கலங்கியவரைப் பூட்டிவைத்தலும் சங்கிலியிடுதலும் எதில் முடியும் என்பதற்கு ஏர்வாடியே சாட்சி. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அங்கே ஓர் இல்லத்தில் தீப்பற்றியபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப இயலாமல் மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலை அறவே தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும், தண்டிக்கக் கூடாது என்றும் அது கூறுகிறது. ஆகவே காவல் நிலையத்துக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாமல் இருக்க வேண்டியதில்லை.

நம் பஞ்சாயத்து செய்யத்தக்கவை

முதலாவது, ஒவ்வொரு வார்டிலும் படுக்கையில் இருப்போர், பேச இயலாதோர், தனித்து வாழும் முதியோர் யார் யார் என்று வார்டு உறுப்பினர் அறிந்திருத்தல் வேண்டும். வீட்டாரின் சம்மதத்தோடு அவ்விவரத்தைச் சுகாதாரத் தன்னார்வலரிடம் சேர்ப்பியுங்கள். இப்பட்டியல் கிராம சபையில் வாசிப்பதற்கன்று. ஒருவருடைய நோய் ஊர்ப் பேச்சாகலாகாது.

இரண்டாவது, இத்தகையவர் உள்ள வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கட்டும். எந்த நேரம் முனகினார், எதைச் செய்கையில் முகம் சுளித்தார், எவ்வளவு உண்டார், எத்தனை மணி உறங்கினார், மலஜலம் கழித்தாரா, மருந்து கொடுத்தபின் எப்படி இருந்தார் என்று பள்ளியில் படிக்கும் பேத்தி எழுதிவைக்கலாம். செவிலியருக்கு அந்த நோட்டு வாரம் முழுதும் அருகில் இருந்ததற்குச் சமம்.

மூன்றாவது, பொதுப் பூச்சிமருந்துப் பெட்டி அறை. பெரிய செலவில்லை, ஓர் அறையும், பெட்டிகளும், பொறுப்பான ஒருவரும் போதும்.

நான்காவது, புற்றுநோய் முற்றியவர்களுக்கு மருத்துவர் தரும் மார்பின் மருந்தைப் பற்றிய வீண் அச்சத்தைப் போக்குதல். 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, வலி நிவாரணத்துக்காக இம்மருந்தைப் பெறும் வழியை எளிதாக்கியது. மருத்துவர் சொன்ன அளவில் உண்பவரைப் போதைக்கு அடிமை என்று ஊரார் ஏசுவது தவறு. அவர் வலியின்றி உறங்க விரும்புகிறார், அவ்வளவே.

2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. நம்மைச் சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுகின்றன. வயல் குறைகிறது, வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் விடியலில் ரயிலேறி இரவில் திரும்புகிறார்கள். பகலெல்லாம் வீட்டில் தனித்திருப்போர் எண்ணிக்கை வருங்காலத்தில் கூடுமேயன்றிக் குறையாது. பக்கத்து வீட்டுப் பெரியவரின் முகத்தை நாள்தோறும் ஒரு முறை பார்க்கும் பழக்கம் கிராமத்துக்கு உரியது. நகரம் நெருங்கி வந்தாலும் அப்பழக்கத்தை நாம் கைவிடலாகாது.

இந்த வாரத்துக்குள் ஒவ்வொரு உறுப்பினரும் தம் வார்டில் அத்தகைய ஒரு வீட்டுக்குச் சென்று வருமாறு கேட்டுக்கொள்கிறோம். அறிவுரை கூற வேண்டியதில்லை. கட்டிலின் அருகே கால் மணி நேரம் அமருங்கள், முகத்தைப் பாருங்கள், கண்டதைச் செவிலியரிடம் சொல்லுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.